நூல் தேய்த்த இடம்

மார்ச் 3

குந்துமணி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதக் கை போய்விட்டது. கடிதம் என்றால் முதல் வரி அதுதானே, வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். நீ அதுகூட இல்லை. அதனால் தப்பும் தவறுமாக எழுதினாலும் நீ சிரிக்க மாட்டாய்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சித்தப்பா கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்ன பிறகு வருகிற முதல் கடிதம். அரைப் பக்கம்தான். அதிலும் பாதி அடித்திருக்கிறது. கடைசி வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. "காப்பு வந்து சேர்ந்ததா? போட்டுப் பார்த்தாளா?"

வந்து சேர்ந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். வாசலில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. "அப்புறமா வரட்டுங்களா?" என்றார். சித்தப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீ உள்ளே பாயில் கிடந்தாய். அத்தனை நாள் கொதித்த நெற்றி சில்லென்று இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு செம்புக் காப்பு. அப்பா குழாய்ப் பட்டறையில் மிச்சம் விழுந்த கம்பியில் தன் கையால் அடித்தது. ஒன்றை உன் வலது கையில் போட்டேன். அது வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போனது. "பெரிசா இருக்கே" என்று யாரோ சொன்னார்கள். "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தானே செய்வாங்க" என்று உன் சித்தி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றதை நான் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

இதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது? எட்டு மாதக் குழந்தையாக உன்னை விட்டுவிட்டுப் போனவர். ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார்களாம். நீ உட்கார்ந்தது, நடந்தது, போட்டோவைப் பார்த்து அப்பா என்றது எல்லாம் அவருக்கு நான் எழுதித்தான் தெரியும். போடவில்லை என்று எழுதினால், அந்த ஊரில் அவர் யார் மடியில் போய்த் தலை வைப்பார்?

யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அம்மா


மார்ச் 5

குந்துமணி அப்பாவுக்கு,

இங்கே எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பட்டறைத் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேனே, கட்டுகிறீர்களா?

காப்பு வந்தது. காய்ச்சல் வருவதற்கு முன்னாடியே வந்துவிட்டது. போட்டாள். போட்டதும் கழட்ட விடவில்லை. குளிக்கும்போதும் அதோடுதான். சாப்பிட உட்கார்ந்தால் காப்பால் தட்டில் தட்டித் தட்டித் தாளம் போடுவாள். கீழ் வீட்டுக்காரி ஏறி வந்து, "என்னம்மா, உங்க வீட்ல பாத்திரக்கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால் அப்பா என்று சொல்வாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு
குந்துமணி அம்மா


ஏப்ரல் 2

குந்துமணி அம்மாவுக்கு,

இருமல் தேவலாம். நீ சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்றும் எழுதினால் நம்புவேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அந்தப் பாத்திரக்கடை வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். மேல் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடம் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். அப்புறம் அவரே விளக்கை அணைத்தார்.

அந்தக் காப்பு செய்த கதையை உனக்குச் சொல்லவில்லையே. எனக்கு அளவு தெரியவில்லை. மூன்று வயசுப் பிள்ளைக்குக் கை எவ்வளவு பெரிசு இருக்கும் என்று அறையில் கேட்டேன். எல்லோருக்கும் ஊரில் பிள்ளை இருக்கிறது. ஆளுக்கு ஆள் விரலை வளைத்துக் காட்டினார்கள். ஒருத்தர் காட்டியது மாதிரி இன்னொருத்தர் காட்டவில்லை. "உன் பிள்ளையை நீ பார்த்தே நாலு வருஷம் ஆச்சு, நீ என்னத்த காட்டுற" என்று சண்டையே வந்துவிட்டது. கடைசியில் சின்னதாகப் போவதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று அடித்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "எந்தக் குழாய்க்குய்யா இந்த வளையம்?" என்றார்.

இரண்டையும் அவளோடு அனுப்பிவிட்டாயா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்


மே 10

குந்துமணி அப்பாவுக்கு,

நல்லபடியாக இருக்கிறேன். நேற்று சோறும் கீரையும் சாப்பிட்டேன், எழுதிவிட்டேன், நம்புங்கள். இருமல் தேவலாம் என்றால் நின்றுவிட்டது என்றா, குறைந்திருக்கிறது என்றா?

ஒன்று அவள் கையில் இருக்கிறது. ஒன்று என்னிடம் இருக்கிறது.

வேலைக்குப் போகிறேன். ஊருக்கு வெளியே பழைய காலத்துப் புதைகாடு ஒன்று கிடைத்து, படித்தவர்கள் வந்து தோண்டுகிறார்கள். மண் சலிக்கிற வேலை. உங்கள் தம்பி பெண்டாட்டி, "போயும் போயும் அங்கயா போவீங்க அக்கா?" என்று அழுதாள். வேறு எங்கே போனாலும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். இங்கே எல்லோரும் செத்துப் போனவர்களைப் பற்றியேதான் பேசுகிறார்கள். யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

கிடைக்கிற நகைகளை ஒரு அம்மா பார்க்கிறார்கள். நாங்கள் லென்ஸ் அம்மா என்போம். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, இதற்கு நடுவில், "என் கண்ணாடியைப் பாத்தீங்களா?" என்று தேடுவார்கள். காலையில் நாங்கள் உள்ளே போகும் முன் வளையல், தோடு, பாசி எல்லாவற்றையும் கழட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நம்முடையது மண்ணில் விழுந்தால் பழையதோடு கலந்துவிடுமாம். என்னோடு சலிக்கிறவள் ஒருத்தி, நாங்கள் சண்டைக்காரி என்று கூப்பிடுவோம். அவள், "நம்ம வளையலை ராணியோடதுன்னு எழுதிட்டா நல்லதுதானேம்மா" என்றாள். லென்ஸ் அம்மா, "எழுதிடுவேன். அப்புறம் அந்த ராணி தவணையில வளையல் வாங்கினான்னும் எழுத வேண்டி வரும்" என்றார்கள். அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் சிரித்தேன்.

கடல் இங்கிருந்து எத்தனை தூரம். ஆனால் சங்கு வளையல் கிடைக்கிறது. யாரோ அத்தனை தூரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். "என்ன தின்னாங்கன்னு பானை சொல்லும். யாருக்கு யார் வேணும்னு நகைதான் சொல்லும்" என்பார்கள் லென்ஸ் அம்மா. இன்னும் என்னென்னவோ கண்டுபிடிக்கிறார்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்படிக்கு
குந்துமணி அம்மா


ஜூன் 8

குந்துமணி அம்மாவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்கிறாயா?

அந்தக் காப்பை எனக்கு அனுப்புவாயா? உன்னிடம் அவள் கவுன் இருக்கும், அவள் தட்டு இருக்கும், அவள் சுவரில் கிறுக்கியது இருக்கும். என்னிடம் அவள் தொட்டது ஒன்றுகூட இல்லை. ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

காப்பின் உள்பக்கம் அரம் போட்ட கோட்டை நான் தேய்க்காமல் விட்டிருந்தேன், கவனித்தாயா? கையை உறுத்தாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். அவள் கையே அதைத் தேய்த்து வழவழப்பாக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாள்தான் போட்டிருந்தாள், முழுக்க அழிந்திருக்காது. ஆனால் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் செம்பைப் பார்த்த கண்ணுக்கு, ஒரு கை போய்வந்த இடம் தெரியாமல் போகாது. தட்டில் தட்டிய தடமும் இருக்கும். அதைத் தடவிப் பார்த்தால் போதும்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 27

குந்துமணி,

நீ நன்றாக இரு. வேறு என்ன சொல்வது.

அப்பா காப்பைக் கேட்கிறார். பார்த்தேன். உள்பக்கம் கோடுகள் இருக்கின்றன, எல்லாம் அப்படியே, நேற்று போட்ட மாதிரி. நான் எழுதிய பொய்யை அவர் கையாலேயே கோடு போட்டு முன்னாடியே வைத்திருக்கிறார் பார்.

அப்பாவுக்கு எழுதாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். போன மாதம் ஒரு சின்னக் குழியைத் திறந்தார்கள். உன்னைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை. கழுத்து நிறைய மணி, இடுப்பு நிறைய மணி. தொப்பி போட்ட ஐயா ஒருவர்தான் எல்லோருக்கும் மேலே. அவர் சொன்னார், "இந்த வயசுல இது சம்பாதிச்சிருக்க முடியாது. அப்போ பிறக்கும்போதே பெரிய இடம். பணக்காரங்க, ஏழைங்கன்னு அப்பவே பிரிஞ்சிட்டாங்கங்கிறதுக்கு இதுதான் சாட்சி." லென்ஸ் அம்மா ஒரு மணியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். "பெரிய இடமா இருக்கலாம் சார். ஆனா துளையோட விளிம்பைப் பாருங்க, கூர்மையா இருக்கு. நூல்ல ஆடி ஆடித் தேஞ்சிருந்தா மழுங்கியிருக்கும். இதை இந்தப் பிள்ளை ஒருநாள்கூடப் போட்டுக்கல. இறந்த பிறகு அவசரமா செஞ்சு போட்டிருக்காங்க" என்றார்கள்.

எனக்குச் சல்லடை கையிலிருந்து நழுவிவிட்டது. "என்னடி ஆச்சு?" என்றாள் சண்டைக்காரி. வெயில் என்றேன்.

எத்தனையோ ஆயிரம் வருஷம் கழித்துக்கூட ஒருத்தர் வந்து, இந்தப் பிள்ளை இதைப் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பா அடுத்த மாதமே சொல்லிவிடுவார்.

எனக்கு என்ன பயம் தெரியுமா? இது பொய் என்று தெரிந்தால், நான் இதுவரை எழுதியது எல்லாம் பொய் ஆகிவிடும். நீ போட்டோவுக்குச் சோறு ஊட்டியது பொய். மழையைப் பார்த்துக் கைதட்டியது பொய். அவரிடம் இருக்கிற நீ முழுக்க என் கடிதத்தில் இருக்கிற நீதான். அந்தப் பிள்ளையும் போய்விடும்.

தட்டை எடுத்துவைத்துக் காப்பால் தட்டிப் பார்த்தேன். உன் தட்டுதான். ஒரு தட்டு தட்டினேன், கீழ் வீட்டில் பேச்சு நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணலில் தேய்க்கவும் மனசு வரவில்லை. அது அப்பா செய்தது. கடைசியில் ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், ரவிக்கைக்குள்ளே. பிஸ்கட் டின்னில் போடவில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறேன். உடம்பு சூடும் வேர்வையும் பட்டால் தேய்ந்துதானே ஆக வேண்டும். யார் உடம்பு என்று செம்புக்கு என்ன தெரியப் போகிறது.

உன் அம்மா


செப்டம்பர் 1

அன்புள்ள உனக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. உன் கொழுந்தனுக்குப் போன் போட்டேன், அண்ணி வேலைக்குப் போய்வருகிறார் என்றான். சந்தோஷம்.

காப்பை அனுப்ப மனசு இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடு. எனக்குக் கோபம் இல்லை. பெற்றது நீ, வளர்த்தது நீ, மண்ணில் வைத்ததும் நீ. நான் என்ன செய்தேன், மாதா மாதம் பணம் அனுப்பினேன். எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று நீ நினைத்தால் அதிலும் தப்பு இல்லை.

இருமல் அப்படியே இருக்கிறது.


நவம்பர் 14

குந்துமணி அப்பாவுக்கு,

உங்களுக்கு உடம்பு தேவலையாக வேண்டும். அதுதான் முதலில். சித்தப்பா ஒரு மருந்துச் சீட்டு கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் என் பெயரே இல்லை. எப்போதும் குந்துமணி அம்மா என்று எழுதுவீர்கள். அது இல்லாமல் பார்த்தபோது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பாத்தியதை என்றெல்லாம் எழுதாதீர்கள். அவள் பேசிய முதல் வார்த்தை அப்பாதான். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே.

தாமதத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. தபாலாபீஸ் பக்கம் போக நேரமில்லை. காப்பு இத்துடன் வருகிறது. அவள் பழைய கவுனில் சுற்றியிருக்கிறேன். கவுனையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுக் காப்பை எப்போது அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி.

குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
குந்துமணி அம்மா


டிசம்பர் 6

குந்துமணி,

அங்கே குளிர் இருக்குமா? இருந்தால் யாராவது போர்த்திவிடட்டும்.

அம்மா ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். பார்சல் போய் மூன்று வாரம் ஆகிறது. தபாலாபீசில் கேட்டேன். "போனது போனதும்மா, கப்பலைக் கூப்பிட்டுத் திருப்பச் சொல்ல முடியுமா?" என்றார் அங்கே உட்கார்ந்திருப்பவர்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் குழி. வயசானவள், பல்லெல்லாம் தேய்ந்து போயிருந்தது. உடம்பில் நகை என்று ஒன்றும் இல்லை. நெஞ்செலும்பின் மேலே மட்டும் ஒரு சின்னக் காப்பு. செம்புதான், பச்சை பூத்துக் கிடந்தது. என் கட்டை விரல் மட்டும் அதில் தாராளமாக நுழையும்.

தொப்பி ஐயா, "சொத்து. கையில போட முடியாததைக்கூட விடாம கூடவே கொண்டுபோயிருக்கா. செம்புக்கு அப்ப அவ்வளவு மதிப்பு" என்றார்.

"கஞ்சப் பிசினாறியா இருந்திருப்பா" என்றாள் சண்டைக்காரி.

லென்ஸ் அம்மா காப்பைத் தன் மேஜைக்கு எடுத்துப்போனார்கள். அழுக்கைச் சுரண்டி எடுக்கும்வரை விளக்கைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம் தலையில் இருந்த கண்ணாடியையும் இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"உள்பக்கம் சுத்தியல் தடம் அப்படியே இருக்கு. இதுக்குள்ள எந்தக் கையும் போய்வரல" என்றார்கள்.

நான் விளக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா இங்க பாருங்க. இந்த ஒரே இடத்துல மட்டும் குழிவா, வழவழன்னு தேஞ்சிருக்கு. இது நூல் தேய்த்த இடம். கழுத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கா. இவ்வளவு தேயணும்னா வருஷக்கணக்கா. சாகுற வரைக்கும் கழட்டல."

"நூல் தேச்சதுன்னு தனியாத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியும். கை தேய்க்கிறது சுத்திவர, மெலிசா இருக்கும். நூல் ஒரே இடத்துல அறுக்கும். செம்பு தெரிஞ்ச யார்கிட்டயும் இதை மறைக்க முடியாது."

அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் முகத்தை இல்லை, கழுத்தை. நூல் போன தடத்துக்குக் கீழே, காப்பு பட்ட இடத்தில் எனக்குப் பச்சைக் கறை விழுந்திருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. நான் துணியை இழுத்து மூடினேன்.

"அது எங்க இப்போ?" என்று கேட்டார்கள்.

"அதோட அப்பாகிட்ட அனுப்பிட்டேங்கம்மா" என்றேன். அதோட என்றுதான் வந்தது வாயில். யாருடைய அப்பா என்று அவர்கள் கேட்கவில்லை. விளக்கை என் கையிலிருந்து வாங்கி அணைத்துவிட்டு, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்கள். அவர்களே ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்து அந்தக் காப்பை வைத்தார்கள். தொப்பி ஐயா பேப்பரில் அதைச் சொத்து என்றுதான் எழுதியிருக்கிறார்.

இத்தனை மாதம் நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பொய்யை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நூல் தடத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதமே எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் எடுத்துப் பார்ப்பார். இந்நேரம் பார்த்திருப்பார்.

உன் அம்மா


பிப்ரவரி 20

குந்துமணி அம்மாவுக்கு,

மருந்து கேட்கிறது. இருமல் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். உனக்கு உடம்பு எப்படி? எழுதத் தாமதம். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

காப்பு வந்த அன்று மேல் கட்டில்காரர், கீழ் கட்டில்காரர், மூலைக்காரர் எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். "நான் காட்டின அளவுதான், பாத்தியா?" என்று மூன்று பேர் சொன்னார்கள். அப்புறம் நான் பட்டறைக்கு எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

நன்றாகப் போட்டிருந்திருக்கிறாள் பிள்ளை. உள்பக்கக் கோடு அழியவில்லை. அது என் தப்பு. அரத்தை ஆழமாக ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது, சின்னக் கைக்கு அது எங்கே தேயும். தட்டில் தட்டிய தடமும் விழவில்லை. நான் அடித்த அடியில் செம்பு அவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது. மேஸ்திரிகூட என் வேலை கெட்டி என்றுதான் சொல்வார்.

நீ எழுதிய பழைய கடிதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். போட்டோவுக்குச் சோறு ஊட்டியது, மழைக்குக் கைதட்டியது, பாத்திரக்கடை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு வரி குறையவில்லை.

காப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதன் மேலே ஒரு சின்னக் கொக்கி பற்றவைத்திருக்கிறேன், பார். ஓரிடம் கொஞ்சம் பளபளவென்று இருந்தது, அங்கேயே வைத்தேன். இனிமேல் நூல் செம்பில் பட்டு அறுந்துபோகாது. வேலை செய்கிற இடத்தில் மண்ணில் விழுந்தால் உங்கள் லென்ஸ் அம்மாவுக்குத்தான் குழப்பம். செம்பு வேர்வையில் பச்சை விடும். தோலில் படாமல் அடியில் ஒரு துணி வைத்துக்கொள்.

இன்னொரு விஷயம். அளவு பெரிது, பெரிது என்று என்னைக் கேலி செய்தார்கள். நான் நினைத்துத்தான் செய்தேன். அதை நான் அடித்தது நாலு வயசுக் கைக்கு. அடுத்த வருஷம் நான் வந்து இறங்கும்போது அது அவள் கையில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று.

ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள். வந்துவிடுவேன். சாப்பிடு.

குந்துமணி அப்பா


மார்ச் 15

குந்துமணி,

எனக்கு உடம்பு பரவாயில்லை. அப்பாவுக்கும் இருமல் நின்றுவிட்டது.

பார்சல் வந்தது. அதே தபால்காரர். இந்தத் தடவை சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறி மேலேயே வந்துவிட்டார். நான் கையெழுத்துப் போடும்வரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். குடித்தார். "அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்தார். "முந்தின நாளே போயிட்டா" என்றேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

கொக்கியைப் பார்த்தேன். கடுகளவுதான் இருக்கும். பற்றவைத்த தடமே தெரியவில்லை. உன் அப்பா வேலை அப்படி. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர் வந்தால் அந்தக் காப்பு எங்கள் நடுவில் தொங்கும், அவ்வளவுதான்.

லென்ஸ் அம்மாவிடம் காட்டினேன். லென்ஸ் வைக்காமல் வெறும் கண்ணால் பார்த்தார்கள். "இதை டின்ல போட வேண்டாம். நீங்களே போட்டுக்கங்க" என்றார்கள். சண்டைக்காரி, "அப்ப என் வளையலும் வெளியிலயே இருக்கட்டும்மா" என்று கிளம்பினாள். "உங்களுது டின்லதான்" என்றார்கள்.

ஒப்பந்தம் முடிந்து அப்பா வரும்போது வெயில் காலம் வந்துவிடும். முதலில் உன்னிடம்தான் கூட்டிக்கொண்டு வருவேன்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்குப் போட்டபோது உனக்குப் பெரிதாக இருந்தது, முழங்கை வரை ஓடியது. எனக்கு அப்பா மேல் ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது, பெற்ற பிள்ளையின் அளவு தெரியவில்லையே என்று. நாலு வயசுக் கைக்குச் செய்தேன் என்று இப்போதுதான் எழுதியிருக்கிறார். போன வாரம் உனக்கு நாலு முடிந்தது. அந்தக் காப்பு இப்போது உன் கைக்குச் சரியாக இருக்கிறதா?